நிழலுக்குப் பின்னால் இருந்த கசிவு

போன மாதம் பிரேமா போன் செய்தாள். நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு எங்கள் எக்கோ அறையில் வேலைக்குச் சேர்ந்தவள். இப்போது அங்கே அவள்தான் மூத்தவள். புது மெஷின் வந்திருக்கிறதாம். இதயத்தை எல்லாப் பக்கமும் திருப்பிக் காட்டுகிறதாம். ரிப்போர்ட்டில் வழக்கமாக எழுதும் வாக்கியங்களையும் அதுவே வைத்திருக்கிறது, ஒரு பொத்தானை அழுத்தினால் 'செயற்கை வால்வில் கசிவு இல்லை' என்று தானாக அடித்துக்கொடுத்துவிடுகிறதாம்.

"எவ்ளோ ஈசி தெரியுமா மேடம்" என்றாள்.

"அந்த ஒரு வாக்கியத்த மட்டும் எடுத்துடச் சொல்லு" என்றேன்.

"வசந்தாக்கா கேஸா மேடம்? நாங்க பாதிதான் கேட்டிருக்கோம். முழுசா எழுதிக் குடுங்களேன், புதுசா வர்ற பசங்களுக்குக் காட்றேன்" என்றாள். அவள் கேட்டதற்காக எழுதுகிறேன். என்னைப் பெருமைப்படுத்தும் கதை இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் காட்பாடி. அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. கல்லூரி முடித்ததும் வேலூரில் ஒரு பெரிய மருத்துவமனையில் இ.சி.ஜி. எடுக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். தினமும் காலையில் டவுன் பஸ்ஸில் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டிப் போவேன். சில வருடங்கள் கழித்து எக்கோ பிரிவில் ஆள் தேவைப்பட்டபோது என்னை மாற்றினார்கள். ஒரு வருடம் பயிற்சி. அதன் பிறகு ஓய்வு பெறும்வரை அந்த இருட்டறைதான். நான் நர்ஸ் இல்லை, டெக்னீஷியன். ஆனாலும் நோயாளிகள் எல்லோருக்கும் நான் 'எஸ்தர் சிஸ்டர்'தான். ஆரம்பத்தில் திருத்திப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன்.

எக்கோ என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக நாலு வார்த்தை. நெஞ்சில் ஜெல் தடவி, விலா எலும்புகளுக்கு நடுவே ஒரு கருவியை வைத்து அழுத்துவோம். அதிலிருந்து போகும் ஒலி இதயத்தில் பட்டுத் திரும்பி வந்து திரையில் படமாகும். ரத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது நிறமாகத் தெரியும், எவ்வளவு வேகம் என்பது எண்ணாகத் தெரியும். ஆனால் உலோகத்தால் ஆன செயற்கை வால்வு வைத்திருப்பவர்களிடம் ஒரு சங்கடம் உண்டு. அந்த ஒலியால் உலோகத்தைக் கடந்து போக முடியாது. வால்வுக்குப் பின்னால் திரையில் கன்னங்கரேலென்று ஒரு நிழல் விழும். இதயத்தின் இடது பக்கம் மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவில் இருக்கும் வால்வை மாற்றியிருந்தால், நெஞ்சுப் பக்கமிருந்து பார்க்கும்போது மேல் அறை முழுவதும் அந்த நிழலுக்குள் போய்விடும். அந்த வால்வு கசிந்தால் ரத்தம் பின்னோக்கிப் பீறிடுவதும் அதே அறைக்குள்தான். கசிவு இருக்கும், நம் கண்ணில் படாது. பயிற்சியின் முதல் மாதத்திலேயே இதைச் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கு நன்றாகத் தெரியும்.

எங்கள் பிரிவின் தலைவர் டாக்டர் கோமதி. குள்ளமான உருவம், எப்போதும் காட்டன் புடவை, கைக்கடிகாரத்தை உள்மணிக்கட்டில் திருப்பிக் கட்டியிருப்பார். அந்தக் காலத்தில் ஒவ்வொரு எக்கோவையும் வீடியோ கேசட்டில் பதிவு செய்வோம். ரிப்போர்ட்டின் மூலையில் கேசட் எண்ணை எழுத வேண்டும். மேடம் தினமும் மாலையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, வால்வு நோயாளிகளின் கேசட்டை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். 'கசிவு இல்லை' என்று நாங்கள் எழுதியிருந்தால் பேனாவால் அடித்துவிட்டு 'கசிவு தென்படவில்லை' என்று மாற்றுவார். "ஒனக்குத் தெரியலைன்னா தெரியலைன்னு எழுது. இல்லைன்னு சொல்றதுக்கு நீ உள்ள போயா பாத்துட்டு வந்தே?" என்பார்.

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. சாதாரணமாக எங்களை 'நீ, வா, போ' என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் மட்டும் மரியாதை வந்துவிடும். "எஸ்தர், வாங்க. கொஞ்சம் உக்காருங்க" என்றால் நான் ஏதோ தப்பு செய்திருக்கிறேன் என்று அர்த்தம்.

வசந்தாவை நான் முதலில் பார்த்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். ஆம்பூருக்கு இந்தப் பக்கம், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு கிராமம். ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கும் வேலை. கணவர் சேகருக்கு டேனரியில் தோல் ஊறும் டிரம்களைக் கவனிக்கும் வேலை. ஒரே மகள், அப்போது பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பு. வசந்தாவுக்குச் சிறு வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதய வால்வைச் சுருக்கிவிட்டது. அதை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. ரத்தம் உறையாமல் இருக்க தினமும் ஒரு மாத்திரை, அதைச் சரிபார்க்க அடிக்கடி ரத்தப் பரிசோதனை, வருடத்துக்கு ஒரு எக்கோ.

எங்கள் அறையில் கதவை மூடினால் அவள் வால்வு மூடித் திறக்கும் சத்தம் காதில் கேட்கும். "மெஷினு ஓடும்போது கேக்காது சிஸ்டர். கரண்டு போச்சுன்னா பக்கத்து சீட்டு பொண்ணுங்கல்லாம் 'இன்னா வசந்தா, உன் வாட்ச் இவ்ளோ சத்தமா ஓடுது'ன்னு கிண்டல் பண்ணுவாளுங்க" என்று சிரித்தாள். எனக்கும் அவளுக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

மூன்றாவது வருடம் அவள் தனியாக வந்தாள். கம்பெனியில் ஏற்றுமதி அவசரம், அரை நாள்தான் லீவு என்றாள். மதியம் தாண்டிவிட்டது. வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள். படுக்க வைத்துப் பார்த்தேன். வால்வின் தகடு நன்றாகத் திறந்து மூடியது. ஆனால் அதன் வழியே இறங்கும் ரத்தத்தின் வேகம் போன வருடத்தைவிட அதிகமாக இருந்தது. இரண்டு முறை அளந்தேன், இரண்டு முறையும் அதே எண்.

வால்வு அடைத்துக்கொள்ளாமல் நன்றாகத் திறக்கும்போது வேகம் கூடினால், பின்னால் கசிந்து போகும் ரத்தமும் சேர்ந்து திரும்ப இறங்குகிறது என்று அர்த்தம் இருக்கலாம். வேறு அர்த்தமும் இருக்கலாம். சோகை இருந்தாலும் ரத்தம் வேகமாகத்தான் ஓடும். அவள் முகம் வெளுத்திருந்தது. நாடியும் வேகமாக அடித்தது. சோகைதான் என்று நானே ஒரு காரணத்தை வைத்துக்கொண்டேன்.

ஜெல்லைத் துடைத்துக்கொண்டே அவள் கேட்டாள். "சிஸ்டர், ஒண்ணு கேக்கட்டுமா? காலைல ஒண்ணுக்குப் போறது கலரா போவுது."

"மஞ்சளாவா?"

"மஞ்ச இல்ல... டீ மாதிரி."

"தண்ணி கம்மியா குடிக்கிறியா?"

"கம்பெனில எழுந்து போனா சூப்பர்வைசர் மொறைப்பாரு. யாரு சிஸ்டர் தண்ணி குடிப்பா? எங்க ஊரு தண்ணியும் வாயில வைக்க முடியாது, அப்படி உப்பு."

"அதான் காரணம். நல்லாத் தண்ணி குடி" என்றேன்.

எங்கள் பக்கத்தில் தோல் ஊறிய கழிவு இறங்கி, கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போன ஊர்கள் நிறைய. தலைமுடி கொட்டினாலும், வயிறு வலித்தாலும், தோல் அரித்தாலும் 'தண்ணி சரியில்ல' என்பார்கள். நானும் அதையே சொன்னேன். அவள் சொன்னதை ரிப்போர்ட்டில் எழுதவில்லை. மேடத்திடமும் சொல்லவில்லை. வால்வு நன்றாக இயங்குகிறது, கசிவு இல்லை என்று எழுதினேன். அன்று மேடம் ஒரு அவசர கேஸுக்காகப் போய்க்கொண்டிருந்தார். நடந்துகொண்டே, "இந்த வால்வ நீ நல்லாப் பாத்தியா?" என்று கேட்டார். "பாத்தேன் மேடம்" என்றேன். என்னை நம்பி, கேசட்டைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

ரிப்போர்ட்டில் வால்வு நன்றாக இருக்கிறது என்று இருந்ததால், சோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள்.

அடுத்த ஆறு மாதத்தில் நடந்தது எல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவள் கண் மஞ்சளாகியிருக்கிறது. ஊரில் காமாலை என்று சொல்லி மூன்று வாரம் விடியற்காலையில் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்திருக்கிறார்கள். உப்பு, எண்ணெய் எல்லாம் நிறுத்திப் பத்தியம். மஞ்சள் குறையவில்லை. சிறுநீர் இன்னும் கறுத்திருக்கிறது. அது ரத்தம்தான், ரத்தம் உறையாமல் இருக்க முழுங்கும் மாத்திரையால்தான் வருகிறது என்று யாரோ சேகரிடம் சொல்ல, அவர் தினமும் அந்த மாத்திரையை பிளேடால் வெட்டிப் பாதிதான் கொடுத்திருக்கிறார். அவர் மனைவியைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் செய்தார். உலோக வால்வு இருக்கிறவர்களுக்கு அந்த மாத்திரை குறைந்தால் வால்விலேயே ரத்தம் உறைந்து கட்டியாகும், அது பிய்ந்து மூளைக்குப் போகும். அப்படி எதுவும் நடக்காமல் அவள் எங்களிடம் வந்து சேர்ந்தது அவள் அதிர்ஷ்டம்.

வீல்சேரில் வந்தாள். சேகர் தள்ளிக்கொண்டு வந்தார். மட்டமாகப் படுக்க முடியவில்லை, மூச்சு முட்டியது. மூன்று தலையணை வைத்துச் சாய்த்துப் பார்த்தேன். இதயம் வீங்கியிருந்தது. வால்வின் வழியே ரத்தம் இறங்கும் வேகம் இன்னும் கூடியிருந்தது. பின்னால் அதே கறுப்பு நிழல்.

"நான்தான் போன வாட்டியே சொன்னேனே சிஸ்டர்" என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டே. "இப்ப காப்பி டிகாஷன் மாதிரி போவுது."

நோயாளியைக் கட்டிலில் விட்டுவிட்டு நான் அறையைவிட்டு ஓடியது என் வேலைக் காலத்தில் அன்று மட்டும்தான். வார்டில் இருந்த மேடத்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன், போன முறை அவள் சொன்னதையும் சேர்த்து. "மொதல்ல யூரின் எடுக்கச் சொல்லு. ரத்தத்த லேபுக்கு அனுப்பி, அணுக்கள் எப்படி இருக்குன்னு மைக்ராஸ்கோப்ல பாக்கச் சொல்லு" என்றார்.

ஒரு மணி நேரத்தில் லேபிலிருந்து எங்களை வரச் சொன்னார்கள். மைக்ராஸ்கோப்பில் மேடம் பார்த்துவிட்டு, என்னையும் பார்க்கச் சொன்னார். வட்ட வட்டமாக இருக்க வேண்டிய சிவப்பணுக்கள் நொறுங்கிய அப்பளத் துண்டுகள் மாதிரி கிடந்தன. ஒரு சின்ன ஓட்டை வழியாக ரத்தம் அவ்வளவு அழுத்தத்தோடு பீறிடும்போது அணுக்கள் உடைகின்றன. உடைந்த அணுக்களின் சாயம் சிறுநீரில் இறங்குகிறது, கண்ணில் மஞ்சளாகிறது. அணுக்கள் குறையக் குறைய சோகை. காமாலை என்றும் தண்ணீர்க் குறை என்றும் சோகை என்றும் தனித்தனியாக நாங்கள் பெயர் வைத்ததெல்லாம் ஒரே ஓட்டை செய்த வேலை.

மறுநாள் காலை தொண்டை வழியாக எக்கோ எடுத்தோம். உணவுக்குழாய் இதயத்தின் முதுகை ஒட்டித்தான் இறங்குகிறது. அதற்குள் கருவியை இறக்கிவிட்டால், நிழல் மறைக்காத பக்கமிருந்து பார்க்கலாம். தொண்டை மரத்துப்போக மருந்து அடித்து, இடது பக்கமாகத் திரும்பிப் படுக்க வைத்து, பல்லுக்கு நடுவே வளையம் வைத்து, விரல் தடிமன் உள்ள குழாயை விழுங்கச் சொல்ல வேண்டும். மூச்சு வாங்குகிற ஆளுக்கு அது பெரிய சித்திரவதை. ஒரு கையால் அவள் தாடையைப் பிடித்துக்கொண்டு, "முழுங்கும்மா, சோறு முழுங்கற மாதிரி முழுங்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கண்ணில் தண்ணீர் வழிய என் விரலை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

திரையில் மேல் அறை தெரிந்தது. நல்லவேளை, வால்வில் ரத்தக் கட்டி இல்லை. மேடம் கருவியைக் கொஞ்சம் திருப்பினார். வால்வின் வளையத்துக்கு வெளியே, தையல் போட்டிருந்த ஓரத்தில், பல நிறம் கலந்த ஒரு ரத்தப் பீச்சல். ஒவ்வொரு துடிப்புக்கும் அது மேல் அறையின் மறு சுவர்வரை போய் மோதியது. அவ்வளவு பெரியது. மூன்று வருடம் பழகிய நோயாளியிடம் நான் 'இல்லை' என்று எழுதியது இதைத்தான்.

மாலையில் மேடம் கூப்பிட்டார். "எஸ்தர், வாங்க. உக்காருங்க." ஆறு மாதம் முன்பு எடுத்த கேசட் ஏற்கெனவே வீடியோவில் இருந்தது. ஓட்டினார். நான் வேகத்தை அளந்த இடம் வந்ததும் நிறுத்தினார்.

"இந்த நம்பரப் பாத்தீங்களா?"

"பாத்தேன் மேடம். ரெண்டு வாட்டி அளந்தேன்."

"சந்தேகம் வந்துதா?"

"வந்துது. சோகைன்னு நெனச்சேன்."

"நெனச்சத எங்க எழுதியிருக்கீங்க?"

அவர் ரிப்போர்ட்டை எடுத்து, கீழே இருந்த தன் கையெழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "நானும் போட்டிருக்கேன்" என்றார். பிறகு பழைய குரலுக்கு வந்தார். "சேகர்ட்ட நான் பேசறேன். வசந்தாட்ட நீ சொல்றியா, நானே சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன் மேடம்."

அவள் கட்டில் ஜன்னல் ஓரம். ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. என்ன வார்த்தையில் தொடங்குவது என்று வராந்தாவில் ஒத்திகை பார்த்தது எல்லாம் கட்டிலருகே போனதும் மறந்துபோனது. "வசந்தா, போன வாட்டியே இது தெரிஞ்சிருக்கணும். தப்பு என்மேல" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். "நான் சொன்னத மறந்துட்டீங்களா சிஸ்டர்?"

"மறக்கல. பெருசா எடுத்துக்கல."

"மறந்துட்டேன்னு சொல்லியிருந்தாக்கூடப் பரவால்ல" என்று சொல்லிவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். சேகர் கட்டிலின் மறுபக்கம் நின்றிருந்தார். நான் போகும்வரை தரையைப் பார்த்தபடி இருந்தார்.

வால்வில் கிருமி தொற்றியிருந்தால் தையல் அரித்துப் போயிருக்கலாம் என்று ரத்தத்தைப் பல முறை எடுத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்த்தார்கள். வளரவில்லை. தையல் போட்ட இடத்தில் சதை பலவீனமாகி நூல் அறுத்துக்கொண்டிருக்கிறது என்று முடிவானது. இரண்டாவது முறை நெஞ்சைத் திறக்க வேண்டும். முதல் அறுவையைவிட ஆபத்து, ஏற்கெனவே ஒட்டிப்போன திசுக்களைப் பிரித்துக்கொண்டு போக வேண்டும்.

சர்ஜன் வந்து விளக்கியபோது நானும் மேடத்தோடு நின்றிருந்தேன். சேகர்தான் முதலில் வாயைத் திறந்தார். "வேணாம் சார். ரத்தம் ஏத்தி ஏத்தி வெச்சிக்கிறோம். ஒருவாட்டி தொறந்தது போதும்."

"எத்தன நாளைக்கு ஏத்துவீங்க? இன்னிக்கு ஏத்தறது நாளைக்கு உள்ளயே ஒடஞ்சிடும். ஹார்ட்டும் தாங்காது" என்றார் சர்ஜன்.

வசந்தா குறுக்கே புகுந்தாள். "சார், தையல் போட்ட எடத்துல தோலு சரியில்லன்னா, மறுபடியும் அங்கயே ஊசி போட்டா இன்னும் பெருசாத்தான கிழியும்? எங்க கம்பெனில அந்த மாதிரி பீஸ தூக்கிப் போட்ருவாங்க."

சர்ஜன் அவளை நிமிர்ந்து பார்த்தார். பக்கத்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சரியாக் கேட்டம்மா. அங்கயே போட மாட்டேன். நல்ல சதை இருக்கற வரைக்கும் தள்ளிப் போய், அடியில சின்னத் துணிப் பட்டை வெச்சு, அதோட சேத்து தைப்பேன். நூல் அறுக்காது."

"அடிப்பட்டை வெப்பீங்களா?"

"வெப்பேன்."

"அப்ப சரி. பண்ணுங்க" என்றாள். சேகர் அழ ஆரம்பித்தார். அவள் அவரைத் திட்டினாள். "யோவ், நான் இன்னும் போவல. புள்ளைக்கு டிபன் யாரு கட்றாங்கன்னு போய்ப் பாரு."

அறுவை நடந்த அன்று எக்கோ மெஷினைத் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு நான் போனேன். தைத்து முடித்து, இதயம் மறுபடி தானாகத் துடிக்க ஆரம்பித்ததும், கசிவு நின்றிருக்கிறதா என்று தொண்டை வழி எக்கோவில் பார்ப்பது வழக்கம். மேடம் கருவியைப் பிடித்திருந்தார், நான் மெஷினில். காலையில் தொடங்கியது, மதியம் இரண்டுக்குத்தான் எங்கள் முறை வந்தது. திரையில் அந்தப் பெரிய பீச்சல் இல்லை.

"மூடிடுச்சு" என்றார் மேடம். சர்ஜனின் தோள் இறங்கியது. "நெஞ்ச மூடலாமா?" என்று கேட்டார்.

நான் நிறத்தின் அளவைக் கொஞ்சம் மாற்றினேன். முதலில் இருந்த இடத்துக்கு எதிர்ப்பக்கம், நூல் மாதிரி ஒரு கோடு தெரிந்து மறைந்தது. அடுத்த துடிப்பில் இல்லை. அதற்கடுத்ததில் மறுபடி. எல்லோரும் களைத்துப்போயிருந்தார்கள். இதைச் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இதயத்தை மறுபடி நிறுத்தி, ரத்தத்தை மறுபடி மெஷினில் ஓட விட வேண்டும். ஏற்கெனவே நொறுங்கிய அணுக்களின் சாயத்தால் அவள் சிறுநீரகம் அடிபட்டிருந்தது.

"மேடம், எதிர்ப்பக்கம் இன்னொண்ணு இருக்கு" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பச் சொன்னேன்.

"எவ்ளோ பெருசு?" என்றார் சர்ஜன்.

"ரொம்பச் சின்னது சார்."

"சின்னதுன்னா விட்டுடலாம். மறுபடி பம்ப்ல போட்டா கிட்னி தாங்குமான்னு தெரியாது."

மேடம் என்னைப் பார்த்தார். முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. "எஸ்தர், நிச்சயமா?"

"நிச்சயம் மேடம்."

அவர் கருவியைத் திருப்பி அந்தக் கோட்டைப் பிடித்து நிறுத்தினார். நெடுநேரம் பார்த்தார். "சின்ன ஓட்டைதான் சில சமயம் ரத்தத்த ஜாஸ்தி ஒடைக்கும். இதோட அனுப்பினா அவ திரும்பி வருவா. வரும்போது மூணாவது வாட்டி தொறக்கற நெலமைல இருக்க மாட்டா" என்றார். சர்ஜன் திரையை ஒருமுறை பார்த்துவிட்டு, "பம்ப் ரெடி பண்ணுங்க" என்றார். இன்னும் இரண்டு தையல். மாலை ஐந்து மணிக்குப் பார்த்தபோது திரையில் எதுவும் தென்படவில்லை.

சர்ஜன் பயந்ததே நடந்தது. சிறுநீரகம் நின்றுவிட்டது. தினமும் வேலைக்குப் போகும் முன்பு தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போவேன். என்னைப் பார்த்ததும் அங்கிருந்த நர்ஸ் கட்டிலடியில் தொங்கும் பையைத் தூக்கிக் காட்டுவார். காலி. மறுநாளும் காலி. இரண்டு முறை டயாலிசிஸ் செய்தார்கள். வெளியே பெஞ்சில் சேகர் உட்கார்ந்திருப்பார். அவரைக் கடந்துதான் நான் போக வேண்டும். தியேட்டரில் நான் சொன்னது அவருக்குத் தெரியாது. ஆறு மாதம் முன்பு வாயைத் திறக்காமல் கெடுத்தேன், இப்போது வாயைத் திறந்து கெடுத்துவிட்டேனோ என்று தோன்றும். வீட்டில் சோறு இறங்காது. என் கணவர், "சர்ச்சுக்கு வா" என்று கூப்பிட்டார். போனேன். மண்டியிட்டும் எனக்கு ஜெபம் வரவில்லை, அந்தக் கோடு வந்து வந்து மறைவதுதான் கண்ணில் தெரிந்தது. உண்மையிலேயே பார்த்தேனா, பார்க்க வேண்டும் என்று பார்த்தேனா என்றுகூடச் சந்தேகம் வந்துவிட்டது. மேடமும் பார்த்தார் என்பதை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆறாம் நாள் காலை பையின் அடியில் ஒரு விரல் அளவு இருந்தது. கறுப்பாகத்தான் இருந்தது, ஆனால் இருந்தது. மறுநாள் இன்னும் கொஞ்சம். பத்தாம் நாள் நர்ஸ் பையைத் தூக்கியபோது அதன் வழியே ஜன்னல் வெளிச்சம் தெரிந்தது.

ஒரு மாதத்துக்கு மேல் மருத்துவமனையில் இருந்துவிட்டு வீட்டுக்குப் போனாள். சிறுநீரகம் முழுவதும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை, உப்பும் சாப்பாடும் அளவாக இருக்க வேண்டியதாயிற்று. கம்பெனியில் அவள் சீட்டில் வேறு பெண் உட்கார்ந்துவிட்டாள். ரொம்ப நாள் நடையாய் நடந்து, தைத்து வருவதைச் சரிபார்க்கும் மேசையில் வேலை வாங்கினாள். "என் கைல எதுவும் தப்பாது சிஸ்டர், எல்லாரும் என்னைத் திட்றாளுங்க" என்றாள் அடுத்த வருடம். அதைச் சொல்லும்போது சிரித்தாள். அதற்குமுன் ஒரு வருடம் அவள் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

சேகர் மட்டும் மாறவில்லை. ஒவ்வொரு வருடமும் அவளோடு வருவார். நான் எக்கோ எடுத்து முடித்ததும் கதவருகே நின்று, தரையைப் பார்த்தபடி, "சிஸ்டர், தப்பா நெனச்சிக்காதீங்க. வேற யாராச்சும் ஒருவாட்டி பாக்கலாமா?" என்று கேட்பார். முதல் தடவை முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஆனால் மறுக்க எனக்கு என்ன உரிமை? இன்னொரு டெக்னீஷியனைக் கூப்பிட்டேன். அவர் நான் எடுத்ததைப் பார்க்காமல் முதலிலிருந்து எடுத்தார். அடுத்த வருடமும் சேகர் கேட்டார், அதற்கடுத்த வருடமும். கொஞ்ச நாளில், உலோக வால்வு வைத்த எல்லோரையும் இரண்டு பேர் தனித்தனியாகப் பார்ப்பது எங்கள் அறையில் வழக்கமானது. மேடம் அதைக் கேட்டுவிட்டு, "நல்லது" என்று ஒரே வார்த்தை சொன்னார். அப்படிப் பார்த்ததில் இன்னும் இரண்டு பேரின் கசிவு சீக்கிரமே பிடிபட்டது. நேரம் ஜாஸ்தி ஆகிறது, பேஜார் பண்ணுகிறீர்கள் என்று வெளியே காத்திருப்பவர்கள் சத்தம் போடுவார்கள். போடட்டும் என்று விட்டோம்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வருடங்கள் வேகமாக ஓடின. கோமதி மேடம் ஓய்வு பெற்றுப் போனார். கேசட் போய் சி.டி. வந்தது. வசந்தாவின் மகள் படித்து வேலைக்குப் போனாள். நான் ஓய்வு பெற இரண்டு வாரம் இருக்கும்போது வசந்தா வருடாந்திர எக்கோவுக்கு வந்தாள். கூந்தல் பாதி நரைத்திருந்தது. எனக்கும்தான். எல்லா அளவும் போன வருடம் மாதிரியே இருந்தது. கசிவு தென்படவில்லை என்று எழுதினேன்.

கதவைத் திறந்தேன். சேகர் எழுந்து வந்தார். வழக்கமான கேள்விக்காக நின்றேன். அவர் கேட்கவில்லை. "நல்லா இருக்கா சிஸ்டர்?" என்றார்.

"நான் பாத்த வரைக்கும் ஒண்ணும் தெரியல."

"நீங்க பாத்தாச்சில்ல. போதும்" என்று சொல்லி, மனைவியின் பையை எடுக்க உள்ளே வந்தார்.

பத்து வருடத்துக்கும் மேலாக அந்த வார்த்தைக்காகத்தான் காத்திருந்தேன் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஒரு நிமிஷம் நானும் போதும் என்றே நினைத்தேன். பிறகு, "வசந்தா, எழுந்துக்காத. அப்படியே படு" என்று சொல்லிவிட்டு, பக்கத்து அறைக்குப் போய்ப் பிரேமாவைக் கூப்பிட்டேன். "முதல்லேந்து எடு. என் ரிப்போர்ட்டப் பாக்காத."

பிரேமா உள்ளே போய்க் கதவைச் சாத்தியதும் நான் வெளியே பெஞ்சுக்கு வந்தேன். சேகர் டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டு நகர்ந்து இடம் விட்டார். இருபது நிமிஷம் ஆயிற்று. இரண்டு பேரும் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.